ரேகை தேய்ந்த விரலும் ஆலை வாசல் மெஷினும்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தோம். டேனரியில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் சம்பளச் சீட்டோடு வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். அந்த மாதம் 26 நாளும் வேலைக்குப் போயிருக்கிறார். சீட்டிலோ 19 நாள்தான் இருக்கிறது. மீதி 7 நாள் ‘ஆப்சென்ட்’. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், பைத்துல்மாலிலிருந்து கடனாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் அவர் வந்தார். நாங்கள் அந்த 7 நாளைப் பற்றிக் கேட்டோம்.

“மெஷின் என் விரலை எடுக்க மாட்டேங்குது பாய். காலையில நாலஞ்சு தடவை வெச்சுப் பாக்கறேன். பின்னாடி ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. ‘போ, அப்புறம் பாத்துக்கலாம்’னு சூப்பர்வைசர் உள்ள அனுப்பிடறாரு. மாசக் கடைசியில யாரும் பாக்கறதில்ல” என்றார்.

கையை நீட்டச் சொல்லிப் பார்த்தோம். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடி போல வழுவழுவென்று இருந்தன. விரல் இடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. 14 வருடமாகச் சுண்ணாம்புப் பிரிவில் வேலை செய்கிறாராம்.

இன்று ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்தில் எந்த டேனரி, எந்த ஷூ கம்பெனி வாசலுக்குப் போனாலும் விரல் வைக்கும் மெஷினோ, முகம் பார்க்கும் மெஷினோ பெரும்பாலும் இருக்கிறது. இதைத்தான் பயோமெட்ரிக் என்கிறார்கள். ஒருவருடைய உடல் அடையாளத்தைக் கொண்டே அவரை அறிந்துகொள்ளும் முறை இது. நிர்வாகம் இதை வாங்கியது வருகையைக் கணக்கெடுக்க. வேலை செய்பவரின் உடலையும் உயிரையும் காக்கவும் இதே மெஷின் உதவும் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்த சில வழக்குகளிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த விரல். நம் விரல் நுனியில் மேடும் பள்ளமுமாக ஓடும் கோடுகள்தான் ரேகை. ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளை பிரிகிறது என்று மெஷின் பார்க்கிறது. அந்தப் புள்ளிகள் இருக்கும் இடங்களை எண்களாக்கி வைத்துக்கொள்கிறது. மறுநாள் விரல் வைத்தால் அந்த எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கிறது. கோடே தெரியாத விரலில் ஒப்பிட அதற்கு ஒன்றும் கிடைக்காது.

கோடு ஏன் மறைகிறது? ஆட்டுத் தோலிலும் மாட்டுத் தோலிலும் உள்ள முடியை நீக்க டேனரியில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுகிறார்கள். இந்தக் கலவை முடியைக் கரைக்கிறது. முடி எந்தப் புரதத்தால் ஆனதோ, அதே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனதுதான் நம் தோலின் மேலடுக்கும். தொட்டியில் முடிக்கு என்ன நடக்கிறதோ அதுவேதான் கையுறை இல்லாத விரலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. சிமென்ட்டில் கை வைக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இதே கதைதான். சிமென்ட்டும் சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மை உள்ளது. குரோம் பிரிவில் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. குரோமிய உப்புகள் ஒவ்வாமையை உண்டாக்கும். தோல் சிவந்து, அரித்து, வெடிக்கும். சிலருக்கு ஆறாத புண்ணாகவும் மாறும்.

ஆகவே, மெஷின் விரலை ஏற்கவில்லை என்றால் அதை வருகைப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. அந்த விரலுக்குக் கையுறை கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த கையுறை ஓட்டையாக இருக்கிறது என்று மெஷின் சொல்கிறது. ஒரு பிரிவில் எத்தனை பேருடைய விரல் தொடர்ந்து தவறுகிறது என்று மெஷினின் பதிவிலிருந்தே எடுத்துவிடலாம். அந்தப் பட்டியலை ஆலை மருத்துவரிடம் கொடுத்தால், கை வெடித்துப் புண்ணாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கவனிக்க முடியும். இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவு இல்லை. ஆனால் இப்படிச் செய்யும் ஆலை எதையும் நாங்கள் இதுவரை பார்க்கவில்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. ரேகையின் வேர் தோலின் உள்ளடுக்கில் இருக்கிறது. மேலடுக்கு மட்டும் தேய்ந்திருந்தால், ரசாயனம் படாமல் சில வாரம் காத்தால் பழைய கோடுகள் அதே வடிவத்தில் திரும்பி வரும். ஆழமான வெட்டோ தீக்காயமோ பட்டுத் தழும்பான இடத்தில்தான் திரும்பாது. சிலர் எலுமிச்சம் பழம் தேய்ப்பதாகவும், கல்லில் உரசுவதாகவும், பிளீச்சிங் பவுடரில் கை கழுவுவதாகவும் சொல்கிறார்கள். தயவுசெய்து இதையெல்லாம் செய்யாதீர்கள், இருக்கிற கோடும் போய்விடும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது நல்லது. காலையில் விரல் வைக்கும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையில் படும் ரசாயனத்தால் வரும் தோல் நோயும், குரோமியத்தால் வரும் நோயும் இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அந்த வேலையை ஆறு மாதமாவது தொடர்ந்து செய்தவருக்கு இந்த நோய் வந்தால், அது வேலையில் ஏற்பட்ட காயத்துக்குச் சமமாகக் கருதப்படும். மருந்தகத்தில் “கை அரிக்குது, களிம்பு குடுங்க” என்று கேட்டு வாங்கி வந்துவிட்டால் அது சாதாரண அரிப்பாகவே சீட்டில் பதிவாகும். “நான் சுண்ணாம்புப் பிரிவில் இத்தனை வருடமாக இருக்கிறேன்” என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வருகைக்கு என்ன வழி? பெரும்பாலான மெஷின்களில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களைப் பதிய முடியும். மோதிர விரலும் சுண்டு விரலும் குறைவாகத் தேய்ந்திருக்கும், அவற்றையும் பதியச் சொல்லுங்கள். அதுவும் தவறினால் கார்டு அல்லது முகம். எதுவும் நடக்கவில்லை என்றால், அன்றைக்கே கையால் எழுதும் பதிவேட்டில் பெயரும் நேரமும் ஏறியாக வேண்டும். மாதக் கடைசியில் போய்ச் சொன்னால் நம்ப ஆளிருக்காது.

இரண்டாவது விஷயம் எங்களைப் பல மாதம் அலைய வைத்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த 23 வயதுத் தம்பி ஒருவர், காண்ட்ராக்ட் ஆளாக, தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுக்கும் மெஷினில் நின்றார். இரவு 9 மணிக்கு மேல் அவருடைய வலது கை உருளையில் சிக்கியது. மூன்று விரல் போய்விட்டது. இ.எஸ்.ஐ.க்குப் போனால், விபத்து நேரத்தில் அவர் வேலையிலேயே இல்லை என்று நிர்வாகம் சொன்னது. காலை 8 மணிக்கு உள்ளே வந்தார், மாலை 5.30க்கு வெளியே போனார் என்று மெஷின் காட்டியது. நடந்தது என்னவென்றால், மாலையில் எல்லோரையும் விரல் வைத்து வெளியேறியதாகக் காட்டச் சொல்லிவிட்டு, பிறகு ஓ.டி.யைத் தனி நோட்டில் எழுதி ரொக்கமாகக் கொடுப்பது அந்த காண்ட்ராக்டரின் வழக்கம். நோட்டு விபத்தன்று இரவே காணாமல் போனது.

ஐந்து மாதம் நடந்தோம். மருத்துவமனையின் அவசரப் பிரிவுப் பதிவேட்டில், இரவு 9.40க்கு “மெஷினில் கை சிக்கியது” என்று எழுதியிருந்தார்கள். அவரை ஆட்டோவில் ஏற்றிச் சென்ற உடன்வேலையாளர் வாக்குமூலம் கொடுத்தார். அவர் அந்த வேலையை இழந்துதான் அதைக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசியில் வேலைக் காயம் என்று ஏற்றுக்கொண்டார்கள். சிகிச்சைக் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்தது. பிறகு மருத்துவக் குழு பார்த்து, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்கிட்டு மாத உதவித்தொகை நிர்ணயித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் தம்பி காலையிலிருந்து பதினான்காவது மணி நேரமாகக் கத்தி சுழலும் உருளைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். களைத்த கை அரை நொடி பின்தங்கும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்றும் தொழிற்சாலைச் சட்டம் வைத்ததற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. உண்மையாக விரல் வைத்தால், யார் 12 மணி நேரத்தைத் தாண்டினார், யார் ராத்திரி போய்விட்டு ஐந்து மணி நேரத்தில் திரும்பி வந்தார் என்று மெஷினே எச்சரிக்கும்படி செய்ய முடியும். அந்த வசதியை வைத்துக்கொண்டே பல ஆலைகள் பத்து நிமிடம் தாமதமாக வந்தவருக்கு அரை நாள் வெட்டுவதற்குத்தான் அதைப் பயன்படுத்துகின்றன.

எனவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: வேலை முடியாமல் வெளியேறும் பஞ்ச் வைக்க வேண்டாம். வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால், அந்த இரவு எத்தனை மணிக்கு உண்மையில் வெளியே வந்தோம் என்று வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது போடட்டும். தேதியும் நேரமும் அதில் நிற்கும். கூலிக்காகப் பேசாமல் இருப்பவர்களின் நிலைமை எங்களுக்குப் புரிகிறது, ஓ.டி. இல்லாமல் பல வீடுகளில் மாதம் ஓடாது. அந்த வீடுகளுக்குத்தான் இந்தச் சாட்சி அதிகம் தேவை.

விபத்து நேரத்தில் இந்த மெஷின் இன்னொரு விதத்திலும் உதவும். தீப்பிடித்தாலோ வாயு கசிந்தாலோ உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் உடனே வேண்டும். தீயணைப்புக்காரர்கள் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான். வாசல் மெஷினின் பதிவைக் கைப்பேசியில் எடுக்க முடிந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் பஞ்ச் வைத்துவிட்டு உள்ளேயே தங்கியிருப்பவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். 2015 ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இரவில் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் சிக்கி இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஷிஃப்ட் முடிந்து ஆலைக்குள்ளேயே படுத்துத் தூங்குகிறவர்களை வருகைக் கணக்கு வெளியே போனவர்களாகவே எண்ணும். அவர்களுக்கென்று தனிப் பதிவேடு இருக்க வேண்டும். முதலில் அங்கே படுக்க வைக்கவே கூடாது.

பயிற்சி பெற்றவர் விரல் வைத்தால் மட்டுமே ஓடும்படி சில ஆபத்தான வாகனங்களையும் மெஷின்களையும் பூட்டி வைக்கும் முறையும் வந்திருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் கழிவுத் தொட்டியில் இதை நம்ப வேண்டாம். தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஒருவர் விழுந்ததைப் பார்த்துக் காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். விரல் மெஷின் யார் இறங்கினார் என்று சொல்லும், உள்ளே காற்று எப்படி என்று சொல்லாது. அதற்கு வாயு அளக்கும் கருவி தனியாக வேண்டும். அது இல்லாமல் யார் சொன்னாலும் இறங்கக் கூடாது.

வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் கையில் கட்டும் பட்டைகள் இப்போது பயன்பாட்டுக்கு வந்துள்ளன. இதயத் துடிப்பையும் தோலின் சூட்டையும் அளந்து, உடல் அதிகமாகச் சூடேறினால் சிவப்பு விளக்கு காட்டும். இதுவும் பயோமெட்ரிக் வகைதான். விளக்கு எரிந்ததும் வேலையை நிறுத்தும் அதிகாரம் ஃபோர்மேனுக்கு இருந்தால் அது நல்ல பொருள். அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் அது வெறும் கைக்கடிகாரம். வியர்வையிலும் கை ஆட்டத்திலும் அளவு தவறவும் செய்யும். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி கருத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதுண்டு என்று 2020இல் அமெரிக்க மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். நம் தோல் நிறத்துக்கும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டை இல்லாதவர்கள் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கலாம். தொழில் சுகாதார வல்லுநர்கள் சொல்லும் கணக்கு எளிது: 180இலிருந்து வயதைக் கழியுங்கள். நாற்பது வயதுக்காரருக்கு 140. ஆரோக்கியமான இதயம் உள்ளவருக்கும் நாடி பல நிமிடம் அதற்கு மேலேயே நின்றால் வேலையை நிறுத்தி நிழலுக்குப் போக வேண்டும். ஊருக்கு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் முதல் சில நாள் மிகக் கவனமாக இருக்கட்டும். உடல் வெயிலுக்குப் பழக நாள் பிடிக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலையே போதும், பிறகு தினமும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டலாம் என்று அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரையிலும், சவூதியில் அதே மாதங்களில் 12 முதல் 3 வரையிலும் திறந்த வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. கத்தாரில் 2021 முதல், ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை தடை. அதோடு, சூடு, ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிறுத்த வேண்டும்.

பட்டையைக் கட்டச் சொன்னால் கட்டும் முன்பே கேட்கட்டும்: இந்த அளவை யார் பார்ப்பார்கள்? சிவப்பு எரிந்து உட்கார்ந்தால் சம்பளம் வெட்டுவார்களா? சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள ஐம்பது வயது அத்தாமார்கள், விஷயம் வெளியே தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து பட்டையைக் கழற்றி வைப்பதாகக் கேள்விப்படுகிறோம். அந்தப் பயத்தை நிர்வாகம்தான் போக்க வேண்டும். உடல்நிலை பற்றிய தகவல் ஓர் அமானிதம். பாதுகாப்புக்கு என்று வாங்கியதை ஆட்குறைப்புக்குப் பயன்படுத்தினால் அடுத்த நாள் யாரும் உண்மையைக் காட்டமாட்டார்கள்.

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, “கம்பெனி மெஷினில் விரல் வைத்தால் பேங்கில் இருக்கும் பணம் போய்விடுமா?” என்பது. ஆலை மெஷின் ஆதாரிலிருந்து வேறு. அதில் பதிவது அந்த ஆலையின் கணக்கில்தான் இருக்கும். ஆனாலும் பயம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டோம். 2019 ஆகஸ்டில் ‘பயோஸ்டார் 2’ என்ற வருகைப் பதிவு அமைப்பின் 2 கோடியே 78 லட்சம் பதிவுகள் பூட்டப்படாமல் இணையத்தில் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கைரேகைகள் இருந்தன. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வேலை தொடர்பான தேவைக்கு முதலாளி தகவல் வாங்க அதில் இடமுண்டு, வாங்கியதைப் பாதுகாக்கும் கடமையும் உண்டு. வேலையை விட்டு நின்றால் “என் ரேகையை அழித்துவிடுங்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ரேகையை வைத்துப் பணம் எடுப்பது ஆதார் வழிப் பரிவர்த்தனையில்தான். பத்திரப் பதிவு நகல்களிலிருந்து ரேகையைப் படியெடுத்துத் திருடிய வழக்குகள் வட மாநிலங்களில் வந்துள்ளன. இதற்குத் தடுப்பு இருக்கிறது. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ போய் ‘பயோமெட்ரிக் லாக்’ செய்துவிடலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பூட்டியிருக்கும்போது ரேஷன் கடையிலும் உங்கள் விரல் செல்லாது.

ஷூ கம்பெனிக்குப் போகும் சகோதரிகள் முகம் பார்க்கும் மெஷினைப் பற்றிக் கேட்கிறார்கள். தலையில் முக்காடு இருந்தால் தடையில்லை. கண், மூக்கு, வாய் தெரிந்தால் போதும். நிகாப் அணிபவர்கள் வாசலில் ஆண்களுக்கு நடுவே அதை விலக்க வேண்டியதில்லை. விரலோ கார்டோ போதும் என்று கேட்கலாம், அல்லது பெண் காவலர் உள்ள மறைவான இடத்தில் மெஷினை வைக்கச் சொல்லலாம். இதைத் தனியாகப் போய்க் கேட்பதைவிடப் பத்துப் பேராக எழுதிக் கொடுத்தால் நிர்வாகம் கேட்கிறது. இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறது.

முதலில் சொன்ன சகோதரருக்காக ஆலை மேலாளரைப் போய்ப் பார்த்தோம். 7 நாளில் 5 நாளுக்கு உடன்வேலையாளர்கள் சாட்சி சொன்னார்கள், அந்தச் சம்பளம் வந்துவிட்டது. 2 நாள் போனது போனதுதான். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை அவருடைய பிரிவில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. மருத்துவர் அவரை ஆறு வாரம் உலர் பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார். போன வாரம் அலுவலகத்துக்கு வந்து கையைக் காட்டினார். மோதிர விரலை மெஷின் எடுத்துக்கொள்கிறதாம். பெருவிரல் இன்னும் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிச் சம்பளச் சீட்டில் நாள் குறைந்திருந்தால், சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, மருந்தகச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு எந்த நாளும் அலுவலகத்துக்கு வரலாம். ஆதார் பூட்டுவதற்குப் பதிவு செய்த கைப்பேசியையும் கொண்டு வாருங்கள்.